காகிதக் கடையைக் கைமாற்ற இரண்டு ஆண்டு வேலை

காகிதக் கடைக்கு இரண்டு விலை உண்டு. ஓடுகிற கடைக்கு ஒரு விலை, மூடுகிற கடைக்கு ஒரு விலை.

மூடுகிற கடையில் உறை பிரிக்காத ரீம்களைத் தரகர் வந்து கொள்முதல் விலைக்குக் கீழே கேட்பார். உறை கிழிந்தவை, ஓரம் பழுத்தவை, அளவு தப்பித் துண்டாக நிற்பவை எல்லாம் பழைய பேப்பர் எடைக்குப் போகும். ரேக், தராசு, கட்டிங் மெஷின் ஆகியவை வந்த விலைக்குப் போகும். பேரேட்டில் நிற்கும் பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடை மூடியாயிற்று என்று தெரிந்தபின் தேடி வந்து பாக்கி கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கைக்குப் போனால், சரக்குக்குக் கொள்முதல் விலை கிடைக்கும். பெயருக்கும் வாடிக்கைக்கும் தனியாக ஒரு தொகை கிடைக்கும். வேலை செய்பவர்களுக்கு வேலை நிற்கும். முப்பது ஆண்டு உழைத்தவர் கௌரவமாக இறங்கலாம். பிள்ளைகள் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்ட வீடுகளில் இன்று இந்தப் பேச்சுதான் நடக்கிறது. ஆனால் உடம்பு முடியாமல் போன பிறகோ, கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொன்ன பிறகோதான் பலர் இதை யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் கிடைப்பது மூடுகிற கடையின் விலைதான். நல்ல விலைக்குக் கைமாற்ற வேண்டுமானால் இரண்டு ஆண்டு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலாளி இல்லாத கடை

வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது, நீங்கள் எழுந்து போன பிறகு அந்தக் கடையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான். எந்த அச்சகத்துக்கு எந்த மில்லின் மேப்லித்தோ ஒத்துவரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்த்தால் ஆர்டர் கிடைக்கும், எவருக்கு எத்தனை நாள் தவணை, எவருக்கு ரொக்கம் தவிர வேறு பேச்சே கூடாது என்பதெல்லாம் நம் கடைகளில் முதலாளியின் தலைக்குள்தான் இருக்கிறது. தலைக்குள் இருப்பதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். அது உங்களோடு வீட்டுக்குப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு தடித்த நோட்டுப் போடுங்கள். காகிதக் கடைக்காரருக்கு நோட்டுக்கா பஞ்சம்? ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். அவர் வாங்கும் ரகம், அளவு, ஜி.எஸ்.எம்., மாதத்துக்குச் சுமார் எத்தனை ரீம், கொடுக்கும் விலை, தவணை, பணம் தரும் கிழமை, கடையில் பேச வேண்டிய ஆள் என அத்தனையும் அதில் ஏற வேண்டும். திருமணப் பத்திரிகை அச்சடிப்பவர் முகூர்த்த மாதங்களுக்கு எவ்வளவு முன்னால் அட்டை எடுப்பார், நோட்டு பைண்டிங் செய்பவர் பள்ளி திறப்புக்கு எத்தனை மாதம் முன்னால் காகிதம் கேட்பார் என்பதும் அதில் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் பில் போடும் கடையானால் பாதி விவரம் அதிலேயே கிடைக்கும். மீதிப் பாதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், கடைக்குப் போகாமல் இருந்து பாருங்கள். அந்த நாட்களில் எந்தக் கேள்விக்காக உங்களுக்குப் போன் வருகிறதோ, அந்தக் கேள்விக்கான விடை இன்னும் நோட்டில் ஏறவில்லை என்று அர்த்தம்.

இருப்பில் உள்ள பொய்

காகிதக் கடையின் முதல் பெரும்பாலும் சரக்கில் கிடக்கிறது. ஐந்தொகையில் இருப்பு 18 லட்சம் என்று இருக்கும். அதில் உண்மையான சரக்கு எவ்வளவு என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முதலாளிக்கே தயக்கமாக இருக்கும்.

பரண்மேல் ஏறிப் பாருங்கள். கார்பன் தாள், டைப்ரைட்டிங் தாள், ஃபேக்ஸ் ரோல், துளையிட்ட கம்ப்யூட்டர் தாள், பழைய விற்பனை வரி எண் அச்சடித்த பில் புத்தகம் என்று ஒரு காலத்தில் கல்லாவை நிரப்பியவை அங்கே உறங்கும். வெப்பத்தில் அச்சாகும் பில் ரோல்கூட, வெயில் படும் தகரக் கூரைக்குக் கீழே நாளாகக் கிடந்தால் கறுத்துவிடும். வண்ண அட்டையில் ஓடாத நிறங்கள், ஒரு தனி வேலைக்காக வெட்டி மிச்சமான அளவுகள், மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஓரம் அலையோடிய ஆர்ட் பேப்பர், அடியில் கரையான் தொட்ட ரீம்கள் இவை எதுவும் வாங்குகிறவரின் பட்டியலில் சரக்காக ஏறாது. இவற்றை அவர் கண்டுபிடிக்கும்வரை விட்டுவைத்தால், மீதிச் சரக்கின் மேலும் அவருக்குச் சந்தேகம் விழும். பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கை மறைக்கப் போய் ஒரு லட்சம் விலை குறைந்துவிடும்.

எனவே முதல் ஆண்டிலேயே இவற்றைக் கழியுங்கள். அளவு தப்பிய தாள்களை வெட்டிக் குறிப்புப் புத்தகமாகவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டாகவும் கட்டி விற்றுவிடலாம். கிராஃப்ட் காகிதமும் பழைய மங்கிய ரகங்களும் கவர் ஒட்டுபவர்களுக்குப் போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் மளிகைக் கடைகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் காகிதக் கவரின் தேவை இருக்கிறது. ஒன்றுக்குமே ஆகாதவற்றை எடைக்குப் போட்டு நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிடுங்கள். நஷ்டமான சரக்குக்கு முன்பு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டிவரும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய சரக்கை ரீம் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் எடை போட்டும் பட்டியல் எடுங்கள். மில்லில் கிலோவுக்கு வாங்கி ரீமுக்கு விற்கும் வியாபாரம் இது. நமக்குப் பழகிய கணக்குதான்: அங்குலத்தில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, ஜி.எஸ்.எம்மால் பெருக்கி, 3100ஆல் வகுத்தால் 500 தாள் ரீமின் எடை கிலோவில் வரும். 23க்கு 36 அளவில் 60 ஜி.எஸ்.எம். தாள் 16 கிலோ நிற்க வேண்டும். தராசில் பதினைந்தரைக்குக் கீழே நின்றால், அது 24 தாள் குயர் இருபது சேர்த்த 480 தாள் ரீமா, அல்லது ஜி.எஸ்.எம். குறைந்ததா என்று பார்த்துத் தனியே எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரம் இழுத்து எடை காட்டும். இருப்பு எடுப்பதை வெயில் நாளில் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

வரிக்காகவும் பட்டியலைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மாணவர் நோட்டுப் புத்தகங்களுக்கும் அவற்றுக்கான பூச்சில்லாத காகிதத்துக்கும் ஜி.எஸ்.டி. இல்லை என்றாயிற்று. மற்ற எழுது காகிதம், அச்சுக் காகிதம் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு ஏறியது. ஒரே மில்லின் ஒரே வெள்ளைத் தாள், போகும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு வரி. பட்டியல் கலந்து கிடந்தால் பேரம் நடக்கும் நாளில் தகராறுதான்.

பாக்கி

சரக்கைவிடக் கடினம் இதுதான். மளிகைக்காரர்களுக்கும் இது பொருந்தும். பாக்கியில் பாதி பணம், பாதி நம்பிக்கை. வாங்குகிறவர் பணத்துக்கு மட்டும்தான் விலை கொடுப்பார்.

சரக்குக் கொடுத்த பாக்கிக்கு வழக்குப் போடக் காலவரையறை மூன்று ஆண்டு. தவணை பேசிக் கொடுத்திருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. ஒரு பகுதி கொடுத்து அது அவர் கையெழுத்திலோ, அவர் கையொப்பத்துடனோ பதிவானாலும் அப்படியே. பல ஆண்டுக்கு முன் நொடித்துப்போன அச்சகத்தின் பாக்கியை இன்னும் ஐந்தொகையில் சொத்தாகக் காட்டிக்கொண்டிருப்பதில் நமக்கு ஒரு ஆறுதல் இருக்கலாம். கடையை விலை பேசும்போது அந்த ஆறுதலுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

வேலையை இப்படித் தொடங்கலாம். பாக்கிதாரர்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: 60 நாளுக்குள் இருப்பவை, ஓராண்டுக்குள் இருப்பவை, அதற்கு மேற்பட்டவை. ஒவ்வொருவருக்கும் மார்ச் 31 நிலுவையைக் குறித்து இரண்டு பிரதி அனுப்பி, ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டு முடிவில் எல்லாக் கடைக்காரரும் செய்வதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கையெழுத்துப் போட மறுப்பவர் யார் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் விற்கப் போகிறோம் என்ற பேச்சு வெளியே வருவதற்கு முன் முடித்தாக வேண்டும். கடைவீதியில் செய்தி எப்படிப் பரவும் என்று நமக்குத் தெரியும். "அண்ணாச்சி கடையைக் கொடுக்கப் போறாராமே" என்று ஒரு டீக்கடையில் விழுந்தால் போதும். கொடுக்க வேண்டியவர் அடுத்த வாரம் என்பார். நமக்குத் தவணையில் சரக்குத் தரும் மொத்த வியாபாரி முன்பணம் கேட்பார். கடையில் உள்ள நல்ல ஆள் வேறு இடம் பார்ப்பார். மூன்று மாதத்தில் ஓடுகிற கடை மூடுகிற கடையாகிவிடும். பேரத்தை விடப் பேச்சுக் கட்டுப்பாடுதான் இதில் பெரிய திறமை என்று சொல்ல வேண்டும். வீட்டாரிடமும் இதை அழுத்திச் சொல்லிவைப்பது நல்லது. கல்யாண வீடுகளில்தான் இப்படிப்பட்ட பேச்சுகள் அதிகம் கசிகின்றன.

பெயருக்கு எவ்வளவு கேட்கலாம்?

இதில்தான் ஏமாற்றமும் மனக்கசப்பும் வருகின்றன. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொந்தக் கட்டடத்தில் ஒரு கடை. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி. மொத்த லாபம் 10 சதவீதம், அதாவது 15 லட்சம். மூன்று ஆட்களின் சம்பளம், வண்டி வாடகை, மின்சாரம், ஆடிட்டர் எல்லாம் சேர்த்து 6 லட்சத்து 60 ஆயிரம் செலவு. மீதி 8 லட்சத்து 40 ஆயிரம். "வருடம் எட்டு லட்சம் மிஞ்சுகிற கடை, பெயருக்கு மட்டும் பத்து லட்சம் கேட்டால் என்ன?" என்பார் முதலாளி.

வாங்குகிறவர் வேறு விதமாகக் கணக்குப் போடுவார். கட்டடத்துக்கு அவர் வாடகை கொடுக்க வேண்டும், மாதம் 15 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். காலை முதல் இரவு வரை அவர் கடையில் உட்கார வேண்டும், வெளியே வேலை பார்த்தால் மாதம் 25 ஆயிரம் கிடைக்குமே என்று 3 லட்சம் கழிப்பார். சரக்கு 18 லட்சம், பாக்கி 17 லட்சம், மில்லுக்கும் மொத்த வியாபாரிக்கும் கொடுக்க வேண்டியது 10 லட்சம் போக, போடும் முதல் 25 லட்சம். அதற்கு 12 சதவீத வட்டி 3 லட்சம். மூன்றும் சேர்ந்து 7 லட்சத்து 80 ஆயிரம். ஆக, அந்தப் பெயர் ஆண்டுக்குச் சம்பாதித்துத் தருவது 60 ஆயிரம் ரூபாய்தான். அதன் மூன்று மடங்கு வைத்தாலும் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் போகாது.

இது அநியாயமான கணக்கல்ல. இத்தனை நாள் நாம் வாடகையும், நம் சம்பளமும், நம் பணத்துக்கு வட்டியும் எடுக்காமல் நடத்தியதை லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது இரண்டு ஆண்டு வேலையின் பலனைப் பாருங்கள். ஓடாத சரக்கைக் கழித்து இருப்பை 15 லட்சமாகவும், வசூலை முடுக்கிப் பாக்கியை 10 லட்சமாகவும் கொண்டுவந்தால், விற்பனை குறையாமலே போடும் முதல் 15 லட்சமாகிறது. வட்டி 1 லட்சத்து 80 ஆயிரம். பெயரின் சம்பாத்தியம் 60 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 80 ஆயிரமாக ஏறுகிறது. மூன்று மடங்கு என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். வசூலான பாக்கியும் விற்ற சரக்கின் பணமும் உங்கள் கையில் தனி. புதிதாக ஒரு வாடிக்கையாளரையும் பிடிக்காமல் வந்த உயர்வு இது.

கணக்கில் வராத விற்பனையைக் காட்டி விலை கேட்பவர்களும் உண்டு. "உண்மையில் இதைப்போல் ஒன்றரை மடங்கு ஓடும்" என்று வாயால் சொல்வதற்கு வாங்குகிறவர் பணம் தர மாட்டார். வங்கிக் கடன் எடுத்து வாங்குபவரானால் மூன்று ஆண்டு ஜி.எஸ்.டி. கணக்கையும் வருமான வரிக் கணக்கையும்தான் வங்கி பார்க்கும்.

யாரிடம் கொடுப்பது?

போட்டிக் கடைக்காரர் நல்ல விலை தருவார். ஆனால் அவருக்கு வேண்டியது வாடிக்கை மட்டும்; கடையையும் ஆட்களையும் அவர் வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேரம் முறிந்தால் உங்கள் நோட்டு அவர் கையில் போயிருக்கும். எனவே அவரிடம் முன்பணம் வாங்காமல் வாடிக்கையாளர் பெயர்களைக் காட்டாதீர்கள். தொகையை மட்டும் காட்டுங்கள். அச்சகம் நடத்துபவர், நோட்டு பைண்டிங் செய்பவர், பெரிய மளிகைக் கடை வைத்துக் கவர், பில் ரோல், டிஷ்யூ வியாபாரத்தையும் சேர்க்க நினைப்பவர் ஆகியோரும் வாங்கத் தகுந்தவர்கள்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது கடையில் பத்துப் பதினைந்து ஆண்டு வேலை செய்த ஆளை. வாடிக்கையாளருக்கு அவரைத் தெரியும். ரகம் தெரியும். அவரிடம் இல்லாதது பணம் ஒன்றுதான். மூன்றில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கி, மீதியை மூன்று ஆண்டுத் தவணையில் எழுத்து மூலம் பேசி, ஒரு நல்ல ஜாமீன்தாரரையும் சேர்த்துக்கொண்டால் இது பெரும்பாலும் சரியாக வரும். தவணைக்காகக் காசோலைகளைப் பின்தேதியிட்டு வாங்கி வைக்கலாம். முன்பணத்தை வங்கி மூலமே வாங்குங்கள். ஒரே விவகாரத்துக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் உள்ள வருமான வரிச் சட்ட விதி. மீறினால் வாங்கியவருக்கு வாங்கிய அளவே அபராதம்.

எவரிடம் கொடுத்தாலும் மூன்று சம்மதங்களை முதலில் பார்த்துவிடுங்கள். வாடகைக் கடையானால் உரிமையாளரின் சம்மதம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் வாடகை உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மில் ஏஜென்சி இருந்தால், புகளூர்க் காகிதமானாலும் பள்ளிபாளையத்துக் காகிதமானாலும், அது உங்கள் பெயருக்குக் கொடுத்தது. புதியவருக்குத் தருவது அவர்கள் விருப்பம். சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் ஓவர்டிராப்ட் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதம். கூட்டு நிறுவனமானால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும், கலைப்பதற்குப் பொது அறிவிப்பும் வேண்டும். அறிவிப்புக் கொடுக்காவிட்டால் பிறகு அந்தப் பெயரில் ஏறும் கடனுக்கும் பழைய பங்காளிகள் பொறுப்பாக நேரிடும்.

வரியும் பத்திரமும்

சரக்கு, ரேக், மெஷின் என்று தனித்தனியே விலை போட்டு விற்றால் ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஓடும் தொழிலாக, சொத்தும் கடனும் சேர்த்து முழுவதையும் மாற்றினால் அந்த மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. கணக்கில் மிஞ்சியுள்ள உள்ளீட்டு வரியையும் ஐ.டி.சி.-02 படிவத்தின் மூலம் வாங்குகிறவருக்கு மாற்றித் தரலாம். அதற்குக் கடன் பொறுப்புகளும் மாறுகின்றன என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், ஆடிட்டரின் சான்றும் வேண்டும். வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று: மாற்றும் நாள் வரையிலான ஜி.எஸ்.டி. பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. ஆகவே விவரமானவர் ஒரு தொகையைச் சில மாதம் நிறுத்தி வைப்பார். அதற்குக் கோபப்பட வேண்டாம்; எவ்வளவு, எதுவரை என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வருமான வரியில், தனித்தனி விலை போடாமல் ஒரே தொகைக்கு மொத்தமாக விற்றால், 36 மாதத்துக்கு மேல் நடத்திய தொழிலுக்கு அது நீண்ட கால மூலதன ஆதாயம். தனித்தனியே விற்றால் சரக்கில் வரும் லாபம் வழக்கமான வியாபார வருமானம். எது லாபம் என்பது கடைக்குக் கடை மாறும். பத்திரம் எழுதும் முன்பே ஆடிட்டரிடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போடச் சொல்லுங்கள், எழுதிய பிறகு மாற்ற முடியாது.

அதே ஊரில் அதே தொழிலைத் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று எழுதித் தரும்படி கேட்பார்கள். பொதுவாகத் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றாலும், பெயரையும் வாடிக்கையையும் விற்றவர் விஷயத்தில் நியாயமான எல்லைக்குள் அது செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. ஊர் எல்லையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். உங்கள் மகனோ மருமகனோ எழுதுபொருள் கடை நடத்துவதாக இருந்தால் அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, பள்ளி சீசன் முடிந்து வசூலும் முக்கால்வாசி முடிந்த ஆகஸ்ட் மாதம் உள்ளூர்க் கடைக்குத் தோதானது. இருப்பு குறைவாக இருக்கும், எண்ணுவதும் எளிது. மே மாதத்தில் கைமாற்றினால் கட்டுக்கட்டாக நிற்கும் நோட்டுச் சரக்கை எண்ணி முடிக்கவே ஒரு வாரம் ஆகும், சீசனும் போகும்.

கைமாறிய பின் இரண்டு மாதம் கடையில் உட்கார ஒப்புக்கொள்ளுங்கள், கல்லாவில் அல்ல, பக்கத்து நாற்காலியில். புதியவரோடு நேரில் போய்ப் பெரிய வாடிக்கையாளர்களிடம் அறிமுகப்படுத்துங்கள். கடையின் போன் எண் பெயரோடு சேர்ந்து போகட்டும்; அந்த எண்ணுக்குத்தான் இருபது வருடமாக ஆர்டர் வருகிறது. ஆட்களுக்குப் பழைய கணக்கைத் தீர்த்து, தர வேண்டியதைக் கையில் கொடுத்து ஒப்படையுங்கள். மாநகராட்சி உரிமத்தைப் புதியவர் தன் பெயரில் எடுக்க வேண்டும், பதிவு எண்ணும் அவருக்குப் புதிது. உங்கள் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். பழைய பேரேடுகளும் பில் பிரதிகளும் உங்களிடமே இருக்க வேண்டும், ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை. பரணைக் காலி செய்யும் அவசரத்தில் அந்த மூட்டையையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.